பதினான்காம் நம்பர் பஸ்ஸும் ஒரு தங்கக் கயிறும்

ரோண்டா பிளெவின்ஸ் தன் மஞ்சள் பள்ளிப் பேருந்தை எங்கள் கல்லூரி வண்டி நிறுத்தத்தின் கடைசி வரிசையில், ஆறு கார்கள் நிற்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்துவாள். முதல் வாரம் காவலாளி கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டினான். இரண்டாம் வாரம் அவள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த பெப்பரோனி ரோல், காரக் கறித்துண்டு பொதிந்த ரொட்டி, இரண்டை வாங்கித் தின்றான். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த ஆறு இடமும் பதினான்காம் நம்பர் பஸ்ஸுக்கு என்று ஆகிவிட்டது.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு எட்டரைக்கு வருவாள். மதியம் இரண்டரைக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். நடுவில் கிடைத்த ஆறு மணி நேரத்தில்தான் அவளுடைய கல்லூரிப் படிப்பு முழுவதும் நடந்தது. மற்றவர்கள் இரண்டு வருஷத்தில் முடிக்கிற படிப்பை அவள் நாலு வருஷம் படித்தாள். மழைக்காலத்தில் பஸ்ஸுக்குள்ளேயே பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து பாடம் எழுதுவாள்.

நான் கார்லீன். மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றோரம் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியில், பதிவாளர் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள். ரோண்டாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். அவளுக்கு நடந்தது என்னால் நடந்தது. அதை முழுசாகத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். அவள் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். இருபத்திரண்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். புருஷன் டெல்பர்ட்டும் சுரங்கத்துக்குப் போய் முதுகை ஒடித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். மகள் வளர்ந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள். நாற்பது தாண்டிய பிறகு ரோண்டா விட்ட பள்ளிப் படிப்பைத் தேர்வெழுதி முடித்தாள். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தாள். முதல் நாள் விண்ணப்பத்தை நீட்டியபோது அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் காய்த்துப்போயிருந்தது.

"என்ன படிக்கப் போறே, கண்ணு?" என்று கேட்டேன். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன். அதில் பாசம் எவ்வளவு, பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சோம்பல் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

"டீச்சர் ஆகணும், மிஸ் கார்லீன்," என்றாள். பஸ்ஸில் பிள்ளைகள் அவளை மிஸ் ரோண்டா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் மரியாதை கொடுக்கத் தோன்றிய எல்லாருக்கும் அவளும் மிஸ் போட்டுவிடுவாள்.

"இந்த வயசுலயா? புள்ளைங்க சத்தம் பஸ்ல கேட்டது பத்தலையா?"

"பஸ்ல ஏறும்போதே கண்ணாடியில மூஞ்சியப் பாத்து நான் சொல்லிடுவேன், எது சாப்பிடாம வந்திருக்கு, எது வீட்டுல அடி வாங்கிட்டு வந்திருக்குன்னு. ஸ்கூல்ல டீச்சருக்கு அது மத்தியானம்தான் தெரியுது. சிலருக்கு ஸ்கூல் வருஷம் முடியற மே மாசம் வரைக்கும் தெரியறதே இல்ல. நான் கிளாஸ்ல இருந்தா எட்டு மணிக்கே தெரிஞ்சிடும், இல்ல?"

அதற்கு எங்கள் கல்லூரிப் படிப்பு மட்டும் போதாது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அவளுக்கு இடித்தது. "பாதி ஃபீஸ யாராவது குடுத்தா மீதிக்கு நான் பஸ் ஓட்டிக்குவேன்," என்பாள். அந்தப் பாதியை யாராவது என்கிற அந்த ஆள் எங்கிருந்து கொடுக்கப்போகிறார் என்று நான் யோசித்ததில்லை. என் வேலை கவுண்டரோடு முடிந்தது.

என் வேலையில் எனக்குத் தலைக்கனம் உண்டு. போலி மதிப்பெண் சான்றிதழை உறையின் தடிமனைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இரண்டு பேரைப் பிடித்தும் இருக்கிறேன். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி மாணவர்களுக்கு வீட்டு முகவரிக்கு வரும் கௌரவக் கழக அழைப்புகள் மேல் எனக்குத் தனிக் கோபம். 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று தங்க எழுத்தில் வரும். பணம் கட்டினால் ஒரு சான்றிதழும் பட்டமளிப்பு அங்கிக்கு மேல் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கயிறும் வரும், அவ்வளவுதான். அதனால் ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். நம் கல்லூரி ஆசிரியர் யாருடைய பெயராவது அந்தக் கடிதத்தில் இருக்கிறதா? உங்கள் மதிப்பெண் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சேர்ந்தால் கயிறைத் தவிர வேறு என்ன கிடைக்கும், உதவித்தொகை உண்டா? இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டு என்று போட்டிருந்தேன். அதோடு நிற்கவில்லை. பட்டமளிப்பு நாளில் கல்லூரி ஒப்புக்கொண்ட கழகங்களின் கயிறைத் தவிர வேறு எதையும் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போகக்கூடாது என்று ஒரு விதியும் நான் எழுதிக் கொடுத்து டீன் கையெழுத்துப் போட்டதுதான். வருஷா வருஷம் வரிசையில் நின்று கயிறைச் சரிபார்த்துக் கழற்றி வாங்குகிற வேலையும் எனக்கே.

ரோண்டாவுக்கு அப்படியொரு கடிதம் அவளுடைய கடைசி வருஷம் அக்டோபரில் வந்தது.

பாலாடை நிறத்தில் தடித்த உறை. மேலே இலைமாலை ஒன்று பொன் மையில் அச்சாகியிருந்தது. கழகத்தின் பெயர் ஒரு முழ நீளம், அதைச் சொல்லி யாருக்கும் விளம்பரம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. அவள் அதைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"இதுவரைக்கும் என் பேருக்கு வந்த தடிச்ச கவரெல்லாம் கோர்ட்டுலருந்தும் ஆஸ்பத்திரியிலருந்தும்தான் வந்திருக்கு, மிஸ் கார்லீன். இது ஒண்ணுதான் நல்லாருக்கியான்னு கேக்குது," என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க இங்க ஒட்டியிருக்கிறதப் படிச்சேன். இதுல நம்ம வாத்தியார் பேரு யாரும் இல்ல. தபால் பெட்டி நம்பர் மட்டும்தான் இருக்கு. என் மார்க்கு இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னும் போடல. நிசமா, டுபாக்கூரா? நீங்க பாத்துச் சொன்னா நான் விட்டுடறேன்."

பாருங்கள், அவளே எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். என் காகிதத்தை வைத்து, நான் சொல்லவேண்டிய பதிலை அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் ஆமாம் கண்ணு, குப்பையில் போடு என்று சொல்லியிருந்தால் போதும்.

நான் அந்த மாலையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். டீசல் வாடை அடிக்கிற காக்கிச் சட்டை, வாரிக் கட்டிய நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் பஸ் சாவி. என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. 'பாவம், இந்தப் பொம்பளைக்கு வேறென்ன கௌரவம் வரப்போகிறது, இதையாவது வைத்துக்கொண்டு போகட்டும்' என்று நினைத்தேன். இதை இரக்கம் என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அதெல்லாம் பாக்காத, கண்ணு. உனக்கு வந்திருக்கு, பெருமைதானே? சந்தோஷமாச் சேரு," என்றேன்.

அவளுடைய மதிப்பெண் பட்டியல் என் கணினியில், இரண்டு தட்டலில் இருந்தது. நான் தட்டவில்லை. சுமாரான மதிப்பெண்தான் இருக்கும் என்று அவள் சட்டையைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் அதிகமாகவே பார்த்தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. "பெருமைன்னா சரி," என்று கடிதத்தை வாங்கி மறுபடியும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் எனக்கு நாலு பெப்பரோனி ரோல் வந்தது. வெட்கமில்லாமல் தின்றேன்.

பிப்ரவரியில் மறுபடியும் வந்தாள். கையில் நூலகத்தில் அச்செடுத்த ஒரு வெள்ளைத்தாள். கல்லூரி மின்னஞ்சலுக்கு வந்ததாம். பொன்மாலையும் இல்லை, ஒன்றும் இல்லை, நெருக்கி அடித்த கறுப்பு எழுத்து, கீழே ஒரு கையெழுத்து. நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் மகனுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்த ஒரு தகப்பனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மிஸ் கார்லீன், இன்னொண்ணு வந்திருக்கு. இதுல வாத்தியார் பேரு இருக்கு. இதுக்கும் பணம் கட்டணுமாம், வெள்ளிக்கிழமைதான் கடைசி. ஏதோ யுனிவர்சிட்டின்னும் போட்டிருக்கு, எனக்குச் சரியாப் புரியல. ரெண்டுலயுமா சேர்றது?"

நான் தாளின் தலைப்பை மட்டும் பார்த்தேன். 'கௌரவக் கழக அழைப்பு.' தொலைபேசியின் பேசும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, "ஒண்ணு இருக்குல்ல, போதாதா? எத்தனை கயிறத்தான் கழுத்துல மாட்டிக்குவே, மாடா நீ?" என்றேன்.

அவள் சிரித்தாள். தொலைபேசியில் கேட்ட கத்தலுக்கு, பாவம் நீங்கள் என்பதுபோல் எனக்கு ஒரு முகம் காட்டினாள். கவுண்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கம் பால், முட்டை, டெல்பர்ட்டின் மாத்திரை என்று எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பட்டமளிப்பு மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. உடற்பயிற்சிக் கூடத்தில் விழா. பக்கத்தில் மல்யுத்தப் பயிற்சி அறையில், ரப்பர் பாய் நாற்றத்துக்கு நடுவே எல்லாரையும் பெயர் வரிசைப்படி நிற்க வைப்போம். நான் கையில் பட்டியலும் காலடியில் அட்டைப்பெட்டியுமாக நிற்பேன். அன்றைக்கு ரோண்டா என்னிடம் வருவதற்குள் மூன்று பேரிடம் கயிறைக் கழற்றியாகிவிட்டது. மூன்றாவது பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், ப்ரியெல் என்று பெயர். கண்ணில் மை கரைய அழுதுவிட்டு, சுவரோரம் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ரோண்டா வந்தாள். முடியைச் சுருட்டி விட்டிருந்தாள். உதட்டுச் சாயம் போட்டு அன்றுதான் அவளைப் பார்த்தேன். கருப்பு அங்கிக்கு மேல், விரல் தடிமனில், குஞ்சம் வைத்த தங்க நிறக் கயிறு முழங்கால்வரை தொங்கியது.

"வெளிய பாத்தீங்களா, மிஸ் கார்லீன்? என் பஸ் புள்ளைங்க பதினோரு பேரு வந்திருக்காங்க, சனிக்கிழமைன்னு கூடப் பாக்காம. படுக்கை விரிப்புல என் பேர எழுதித் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்குதுங்க. டெல்பர்ட் இடுப்புப் பட்டையப் போட்டுக்கிட்டு கேலரியில மேல் படி வரைக்கும் ஏறிட்டான்!"

நான் பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரே கயிறுக்கான கட்டம் காலியாக இருந்தது. அக்டோபரில் நான் சொன்னது அப்போதுதான் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. கண்டுகொள்ளாமல் அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். அனுப்பியிருக்கலாம். சத்தியமாக அனுப்பியிருக்கலாம். அந்த விதியை எழுதியவளே நான்தானே.

"இவங்களுத மட்டும் ஏன் எடுக்கல?" என்று சுவரோரத்திலிருந்து ப்ரியெல் கேட்டாள். "என்னுதும் அதே கழகந்தான். அதே மாலை போட்ட லெட்டரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னா ஒரு நியாயமா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு என் பெயர் முக்கியமாகிவிட்டது. "கண்ணு," என்று ஆரம்பித்தேன். "இது… நம்ம காலேஜ் ஒத்துக்கிட்ட கழகம் இல்ல. இதப் போட்டுக்கிட்டு மேடைக்குப் போக முடியாது."

ரோண்டாவின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போயிற்று. நீங்கள்தானே பெருமை என்று சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். முப்பது பேர் காதில் விழ என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன்.

அவளே கயிறைத் தலைக்கு மேலாகத் தூக்கிக் கழற்றினாள். சுருட்டிய முடியில் குஞ்சம் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிட நீட்டிய கையை விலக்கிவிட்டு அவளே விடுவித்தாள். நாலாக மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். "அவங்க மேல கோவப்படாதம்மா," என்று ப்ரியெல்லிடம் சொன்னாள். "அவங்க வேலை அது. வா, மூஞ்சியத் தொடச்சிக்க. உங்கம்மா போட்டோ எடுக்கப்போற நேரத்துல மை வழியுது பாரு."

அவள் வரிசைக்குப் போன பிறகு பட்டியலை மறுபடி பார்த்தேன். மதிப்பெண் சராசரி கடைசி நிரலில் இருந்தது. நாலுக்கு 3.94. அந்த வருஷம் அதற்கு மேல் ஒரே ஒருவன்தான்.

கணக்கு வாத்தியார் யனோஸ்கி எங்கள் கல்லூரியின் உண்மையான கௌரவக் கழகத்தைப் பார்த்துக்கொள்பவர். தன் கழகத்துக் கயிறுகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"பிளெவின்ஸா? என்ன மனுஷி அவங்க! என் கிளாஸ்ல ஒரு பரீட்சையில கூட ரெண்டாவதா வந்ததில்ல. பிப்ரவரியில நானே கையெழுத்துப் போட்டு அழைப்பு அனுப்பினேன், பதிலே காணோம்."

"சேந்திருந்தா என்ன கிடைச்சிருக்கும்?" என்று கேட்டேன்.

"அக்கரை யுனிவர்சிட்டியில பாதி ஃபீஸ் தள்ளுபடி, ரெண்டு வருஷத்துக்கும். வருஷத்துக்கு ஒருத்தரத்தான் நான் சொல்லலாம், கழகத்துல இருக்கறவங்களா இருக்கணும். அவங்களத்தான் மனசுல வெச்சிருந்தேன். என்ன செய்ய, வேண்டாம்னு இருந்திருப்பாங்க. வேற பையன் பேரக் குடுத்துட்டேன்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரப்பர் பாயின்மேல் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ரோண்டாவின் பெயரை அழைத்தபோது கூடத்தில் எழுந்த சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. பதினோரு பிள்ளைகளும் பேருந்தின் ஹாரன் மாதிரி வாயாலேயே ஊதினார்கள். மேடையில் அவள் வெறுங்கழுத்தோடு நடந்திருப்பாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

விழா முடிந்ததும் சொல்லிவிடுவது என்று கடைசி வரிசைக்குப் போனேன். பஸ்ஸின் முன்பக்கப் படியில் பெரிய சதுரக் கேக்கை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே மஞ்சள் சர்க்கரைப்பாகில் பஸ் வரைந்திருந்தது. டெல்பர்ட் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என்னிடம் நீட்டினான்.

"மிஸ் கார்லீன் நீங்கதானா? வீட்டுல உங்க பேச்சுதான். இந்தக் காலேஜ்ல என்னைய ஒரு ஆளா நெனச்சுப் பேசினது அவங்க ஒருத்தங்கதான்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

ரோண்டா எனக்கு ஒரு துண்டு வெட்டிக் காகிதத் தட்டில் கொடுத்தாள். சக்கரம் இருந்த துண்டு. கழுத்தில் கயிறு எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது. "கனமா இருந்துச்சுடா, கழட்டி வெச்சிட்டேன்," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். நான் கேக்கை மென்று விழுங்கினேன். சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை யனோஸ்கியிடம் நடந்ததைப் பாதி சொன்னேன். 'அவளுக்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள்' என்றேன். யாரோ! அவர் நல்ல மனிதர், பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். டீனைப் பார்த்தோம், டீனும் எழுதினார். மூன்று வாரம் கழித்து வருத்தத்தோடு மறுத்துப் பதில் வந்தது. தேதி தாண்டிவிட்டது, இடம் நிரம்பிவிட்டது. அதை நான் மூன்று தடவை படித்தேன். அவள் கொண்டுவந்த தாளை ஒரு தடவை படித்திருந்தால் இது வந்திருக்காது.

ஆகஸ்டில் ஒரு நாள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், ரோண்டா கவுண்டருக்கு வந்தாள். தன் மதிப்பெண் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

"போறியா, கண்ணு?" எனக்கு உயிர் வந்தது. "ஃபீஸ் கிடைச்சிடுச்சா?"

"கிடைக்கல. ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம்னு எடுத்துக்கப் போறேன். வருஷத்துக்கு ரெண்டு. விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டேன், அம்பத்தெட்டுல டீச்சர் ஆயிடுவேன்," என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அக்டோபரில் அது வெத்துக் கடிதம் என்று தெரிந்தே சேரச் சொன்னதை, பிப்ரவரியில் படிக்காமலே போதும் என்றதை, அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை, எல்லாவற்றையும். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் சட்டையைப் பார்த்து நான் போட்ட கணக்கையும் விடவில்லை.

அவள் பேனாவால் கவுண்டரை மெல்லத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"யுனிவர்சிட்டி விஷயம் எனக்குத் தெரியாது," என்றாள் கடைசியில். "அந்தத் தாள் துணி துவைக்கும்போது சட்டைப் பையிலேயே கூழாப் போயிடுச்சு. ஆனா அக்டோபர்ல நீங்க மனசாரச் சொல்லலன்னு அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"உங்க கண்ணு கடுதாசியில ஓடவே இல்ல. என் சட்டையிலதான் ஓடிச்சு. இருபத்தாறு வருஷமாக் கண்ணாடியில மூஞ்சி பாத்துப் பொழைக்கிறவ நான், மிஸ் கார்லீன்."

"பின்ன ஏன் சேந்தே?"

அவள் தோளைக் குலுக்கினாள். "நீங்க பெருமைன்னு சொன்னீங்களே. அந்த வார்த்தைய என்கிட்ட அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. பொய்தான்னு தெரிஞ்சாலும் விட மனசு வரல. அதுக்குத்தான் பணம் கட்டினேன்னு வெச்சிக்குங்களேன்."

"உனக்கு என்மேல கோவமே இல்லையா?"

"இருக்கு," என்றாள். மறைக்காமல், சாதாரணமாகச் சொன்னாள். "நெறைய இருக்கு. ஆனா இப்ப ரெண்டு மணிக்கு டிரைவருங்களுக்குக் கூட்டம். நான் போகணும். அந்தச் சான்றிதழ் இந்த வாரமே போயிடும்தானே?"

அன்றைக்கே அனுப்பினேன். அடுத்த நாள் கவுண்டருக்கு வந்தபோது பெப்பரோனி ரோல் எதுவும் இல்லை. அதன் பிறகு ஒருநாளும் ரோல் வரவில்லை.

கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. இப்போது யார் கடிதத்தை நீட்டினாலும் கடைசி வரிவரை படிக்கிறேன், அவர்கள் மதிப்பெண்ணைத் தட்டிப் பார்க்கிறேன், பிறகுதான் வாயைத் திறக்கிறேன். கண்ணு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன், பெயரைக் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் பரிகாரமாக நான் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் வாங்கிய வேலை அது.

ரோண்டா பஸ்ஸை இப்போது அக்கரையில் நிறுத்துகிறாளாம். ஆறு இடத்தை அடைத்துக்கொண்டுதான் என்று யனோஸ்கி சொன்னார். வருஷத்துக்கு இரண்டு பாடம்.

அவளுடைய தங்கக் கயிறு என் கவுண்டருக்கு அடியில், அட்டைப்பெட்டியில் இருக்கிறது. விழா முடிந்ததும் அவரவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நான் எழுதிய விதிதான். ப்ரியெல்கூட வந்து தன்னுடையதை வாங்கிப் போனாள். ரோண்டா கேட்டு வரவில்லை. காலையில் கல்லூரிக்குப் போகும்போது அவள் பஸ் எனக்கு எதிரே வருகிறது, கையைக் காட்டினால் நிறுத்துவாள், கொடுத்துவிடலாம். இன்றுவரை கையைக் காட்டவில்லை. அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.